கடைசி வீட்டு அடிபம்பில் காற்று மட்டும் வருவது ஏன்?

சென்னையில் மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய் நீர், பல தெருக்களில் சில மணி நேரமே வரும். அப்போது முன்வீட்டார் மோட்டாரை நேராகக் குழாயில் பொருத்தி உறிஞ்சினால், தெருக் கடைசியில் அழுத்தமே இருக்காது. இதற்குத் தடை உண்டு, அநியாயமும்கூட. இதைவிட மோசம், அழுத்தம் குறைந்த குழாயின் விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். முதல் குடம் நாறினால் இதையும் சந்தேகியுங்கள்.

தண்ணீர் தானாகச் சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) விழட்டும், மோட்டார் அங்கிருந்து மட்டும் மேலே ஏற்றட்டும். சம்ப்பில் மிதவை வால்வு வையுங்கள். நிரம்பியதும் மூடிக்கொள்ளும், வழிந்து வீணாகாது.

ஒரே நேரத்தில் தெருவின் இரு முனைகளிலும் 10 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தை ஒரு வாரம் குறியுங்கள். இரண்டும் மெதுவென்றால் வரத்தே குறைவு. கடைசி மட்டும் மெதுவென்றால் மோட்டாரோ அடைப்போ. அந்தத் தாளோடு வாரியத்தின் பகுதிப் பொறியாளரைப் பாருங்கள்.