டிகிரியை லேமினேட் செய்துவிட்டீர்களா? தாய்லாந்துக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகும் முன்

கேள்வி: பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து, மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 4 வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். தாய்லாந்தில் டீச்சர் வேலை வாங்கித் தருகிறேன், ஒன்றரை லட்சம் ஆகும், டூரிஸ்டாகப் போய் இறங்கிவிட்டு அங்கேயே விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா? நானே முயன்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: ஏஜென்ட் சொல்வது முழுப் பொய் இல்லை. சுற்றுலாப் பயணியாக நுழைந்தவர், தங்கும் நாட்களில் குறைந்தது 15 நாள் மிச்சம் இருக்கும்போது குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்து நான்-பி விசாவுக்கு (வேலைக்கு வருபவர்களுக்கான விசா) மாற வழி உண்டு. ஆனால் அதற்குப் பள்ளியின் தாள்களும், முறையாகச் சான்றொப்பம் பெற்ற உங்கள் டிகிரியும் கையில் இருக்க வேண்டும். டிகிரிக்குச் சான்றொப்பம் வாங்கும் வேலை இந்தியாவில்தான் நடக்கும். அங்கே போய் மாட்டிக்கொள்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். விசா மாறும்வரை சும்மா இருக்க முடியாமல் வகுப்பெடுக்கப் போனால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல். அப்போது ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

தாய்லாந்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவுதான். மொழி ஆசிரியர்களுக்கான தென்கொரியாவின் இ-2 விசா, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 7 நாட்டவருக்கே பொதுவாகக் கிடைக்கும். தாய்லாந்தில் சட்டப்படி அப்படித் தடை இல்லை. தாய்மொழிக்காரர் அல்லாதவர் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் காட்ட வேண்டும், அவ்வளவே. பள்ளிகள் வழக்கமாகக் கேட்பது டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 990-க்கு 600-க்கு மேல், அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். 5. உங்களுக்கு அது கஷ்டமில்லை. மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும் என்பதால் வேலை தேடத் தொடங்கும்போது எழுதினால் போதும். 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் இருந்தால் நேர்முகத்தில் உதவும், ஆனால் அது ஆசிரியர் உரிமம் ஆகாது. உங்கள் பி.எட். அதைவிடப் பல மடங்கு கனமானது. அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே போடுங்கள்.

‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்’ என்று பச்சையாகப் போட்ட விளம்பரங்கள் நிறைய வரும். அவற்றோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். கணிதம், அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தும் ‘இங்கிலீஷ் புரோகிராம்’ பள்ளிகளில் இந்தியர்களுக்குக் கதவு எளிதாகத் திறக்கிறது. சம்பளத்திலும் பாகுபாடு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். ஒரே பள்ளியில் ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒன்று, நமக்கும் பிலிப்பினோக்களுக்கும் ஒன்று என்பது சகஜம்.

இனி தாள்கள். முதலில், டிகிரியை லேமினேட் செய்திருந்தால் பிரிக்க வேண்டும். நம் ஊரில் மார்க் ஷீட் கைக்கு வந்த அன்றே ஜெராக்ஸ் கடைக்கு ஓடும் பழக்கம் இருக்கிறதே, அதன் விலை இப்போதுதான் தெரியும். சான்றொப்ப முத்திரைகள் அசல் பட்டத்தின் பின்பக்கம் குத்தப்படுகின்றன. பிளாஸ்டிக் மேல் குத்த முடியாது. வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்துப் பிரிக்க முயன்றால் மை உரிந்து வந்துவிடும். பழகிய ஆளிடம் கொடுங்கள், முடியாவிட்டால் பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் பட்டம் கேளுங்கள். புரொவிஷனல் சான்றிதழை வைத்து ஒப்பேற்ற நினைக்க வேண்டாம். பட்டமளிப்புச் சான்றிதழ்தான் வேண்டும்.

வரிசை இதுதான்: முதலில் பல்கலைக்கழகத்திடமிருந்து உண்மைத்தன்மைச் சான்று, பிறகு மாநில அரசின் உயர்கல்வித் துறை சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம், கடைசியாகச் சென்னையிலுள்ள தாய்லாந்து துணைத் தூதரகம். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போக முடியாது. இதில் அதிக நாள் தின்பது முதல் படி. பல்கலைக்கழகத்தைப் பொறுத்து வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். ஐரோப்பா போகிறவர்களைப் பார்த்து அப்போஸ்டில் (சில நாடுகளுக்குத் தூதரக முத்திரைக்குப் பதிலாக வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று) வாங்கிவிட்டு அதோடு நிறுத்திவிடாதீர்கள். தாய்லாந்துக்குத் தூதரக முத்திரையைத்தான் கேட்பார்கள். பி.ஏ., பி.எட். இரண்டின் பட்டங்களுக்கும் மதிப்பெண் பட்டியல்களுக்கும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய தலைவலி, இனிஷியல். பட்டத்தில் ‘ஆர். கவிதா’, பிளஸ் டூவில் ‘கவிதா ஆர்’, பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, குடும்பப்பெயர் ராஜேந்திரன். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். அங்குள்ள அதிகாரிக்கு மூன்று பேர். அவர் பாஸ்போர்ட்டில் உள்ளதைத் தாய்லாந்து எழுத்தில் பெயர்த்து எழுதி, மற்ற தாள்களை அதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். ‘இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்’ என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எடுத்து, அதையும் பட்டத்தோடு சேர்த்து அமைச்சகம், தூதரகம் வழியாக அனுப்புங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால், மற்ற எதையும் தொடங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். பின்னால் மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்த கையோடு இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்கும் முன் எடுத்த பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு இருந்தால், பட்டதாரியான உங்களுக்கு அதை நீக்கிக்கொள்ள உரிமை உண்டு.

போலீஸ் சான்றிதழை மட்டும் கடைசியில் எடுங்கள். சில மாதங்களுக்கு மேல் பழையதானால் ஏற்க மாட்டார்கள். பாஸ்போர்ட் சேவா மூலம் ரூ.500 கட்டிப் பெறுவதுதான் செல்லும். உள்ளூர் காவல் நிலையத்து நன்னடத்தைச் சான்று இதற்கு உதவாது.

காலக் கணக்கு: தாய்லாந்துப் பள்ளிகளின் முதல் பருவம் மே நடுவில் தொடங்கும், இரண்டாவது நவம்பர் தொடக்கத்தில். மே மாதம் சேர நினைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் நேர்முகம் நடக்கும். அதற்குள் முத்திரைகள் முடிந்திருக்க வேண்டுமானால் முந்தைய நவம்பரிலேயே பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும்.

வேலை உறுதியானதும் பள்ளி தன் அழைப்புக் கடிதம், பள்ளி உரிமம், கல்வி அலுவலக ஒப்புதல் ஆகியவற்றை அனுப்பும். அவற்றை வைத்து இணையவழியில் நான்-பி விசா எடுக்கிறீர்கள். ஒருமுறை நுழைவுக்குக் கிடைப்பது 90 நாள். அந்த 90 நாளுக்குள் ஆசிரியர் மன்றமான குருசபாவிடம் உரிமம் அல்லது 2 ஆண்டுத் தற்காலிக அனுமதி, தொழிலாளர் துறையின் பணி அனுமதி, 1,900 பாட் (தாய்லாந்துப் பணம்) கட்டி ஓராண்டு விசா நீட்டிப்பு என மூன்றும் முடிய வேண்டும். பணி அனுமதிக்கு மருத்துவச் சான்று அங்கேயே எடுப்பார்கள்: தொழுநோய், காசநோய், யானைக்கால், சிபிலிஸ், போதை, குடிநோய் இல்லை என்று. நீங்கள் எந்த முகவரியில் தங்கியிருக்கிறீர்கள் என்று வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்தில் பதிய வேண்டும், டி.எம். 30 என்பார்கள். அவர் பதியவில்லை என்றால் நீட்டிப்புக்குப் போகும்போது உங்களைத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளம் எத்தனை மாதத்துக்கு என்பதை. 10 மாத ஒப்பந்தம் என்றால் விடுமுறையில் சம்பளம் கிடையாது, வாடகை மட்டும் ஓடும். அடுத்தது தேதி. 31-03-2570 என்று கண்டால் பதற வேண்டாம். புத்த ஆண்டில் 543-ஐக் கழித்தால் 2027 வரும். பாஸ்போர்ட்டையோ அசல் பட்டத்தையோ ‘பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்று பள்ளி கேட்டால் கொடுக்காதீர்கள். அறை எடுக்க ஒரு மாத வாடகையும் இரண்டு மாத முன்பணமும் கேட்பது வழக்கம், முதல் சம்பளமோ மாதக் கடைசியில்தான். எனவே 40,000 முதல் 50,000 பாட் வரை கையோடு வேண்டும். ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் வேண்டும் என்றே தோன்றினால், மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் ரூ.30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டுமே. ஒன்றரை லட்சம் என்றதிலேயே பதில் இருக்கிறது. பள்ளியின் பெயரைச் சொல்லாமல், பாங்காக்கில் இறங்கியதும் கார் வந்து எல்லை ஊரான மே சோட் பக்கம் அழைத்துப் போகும் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். மியான்மர் எல்லைக்கு அப்பாலுள்ள இணைய மோசடிக் கூடங்களுக்கு இந்திய இளைஞர்களைக் கடத்திய வழி அது. 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் இதை எச்சரித்தது.

சேர்ந்தபின் பலர் தவறுவது ஊருக்கு வரும்போது. தீபாவளிக்குக் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி எடுக்க வேண்டும்: ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. எடுக்காமல் விமானம் ஏறினால் ஓராண்டு நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும், மறுபடி நான்-பி-யிலிருந்து தொடங்க வேண்டும். வேலையை விட்டாலும் இதே கதைதான். கடைசி வேலைநாளோடு தங்கும் உரிமையும் முடிந்துவிடுவதால், அடுத்த பள்ளியின் தாள்கள் கைக்கு வரும்முன் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்.