94 என்பது மார்க் அல்ல

கேள்வி: ஜே.இ.இ. மெயின் ஜனவரித் தேர்வில் என் மகளுக்கு இயற்பியல் 95, வேதியியல் 93, கணிதம் 88. சராசரி 92 தானே? மொத்தம் 94 என்று போட்டிருக்கிறார்கள். வேறொரு நாள் எழுதிய பக்கத்து வீட்டுப் பையன் அவளைவிட 11 மார்க் குறைவு, அவனுக்கு 95! கணக்கில் தப்பா? இந்த 94-ஐ வைத்து அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா?
– பெயர் வேண்டாம் என்ற தந்தை, கும்பகோணம்

பதில்: கணக்கு சரி. பெர்சென்டைலைப் பெர்சென்டேஜ் என்று படித்ததுதான் தப்பு. உங்கள் மகள் எழுதிய ஷிஃப்டில், அதாவது அதே வேளையில் அதே வினாத்தாளை எழுதியவர்கள், 1,20,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் மார்க்கையோ அதற்குக் கீழோ எடுத்தவர்கள் 1,12,800 பேர் என்றால், நூற்றுக்கு 94 பேர். அந்த 94-தான் அட்டையில் இருக்கிறது. பாடங்களுக்குப் போட்ட 95, 93, 88-ம் இப்படித்தான். 300-க்கு எத்தனை மார்க் என்பது அதில் இருக்கவே இருக்காது. இறுதி விடைக்குறிப்பை எடுத்து, சரிக்கு 4 கூட்டி, தப்புக்கு 1 கழித்து நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு விழாவில் ஓட்டத்தில் மூன்றாம் இடம், நீளம் தாண்டுதலில் ஐந்தாம் இடம் வந்த பிள்ளையை மொத்தத்தில் நாலாம் இடம் என்போமா? இடங்களைக் கூட்டி வகுக்க முடியாது. தேர்வு முகமை மூன்று பாட மார்க்கையும் முதலில் கூட்டுகிறது. அந்தக் கூட்டுத்தொகையை வைத்துத் தனியாக வரிசைப்படுத்துகிறது. இயற்பியலில் உங்கள் மகளை முந்திய பலர் வேதியியலிலோ கணிதத்திலோ சறுக்கியிருப்பார்கள். மூன்றிலும் ஓரளவு நின்றவள் மொத்தத்தில் மேலே வருவது இயல்பு. ஒரு பாடத்தில் பறந்து இன்னொன்றில் விழுந்தவருக்கு இதுவே தலைகீழாகவும் நடக்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் மேல் கோபம் வேண்டாம். அவன் ஷிஃப்டில் வினாத்தாள் கடினமாக இருந்திருக்கும். எல்லோருக்குமே மார்க் இறங்கியிருக்கும். வெவ்வேறு தாள் எழுதியவர்களை மார்க்கை வைத்து ஒப்பிடுவது அநியாயம் என்பதால்தான் இந்த ஏற்பாடே. புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம் போடுவது ஒரே இடத்தில் பலர் நெரிசலடையாமல் இருக்க.

ஜனவரி முடிவில் ரேங்க் வராது. ஏப்ரல் தேர்வும் முடிந்து, இரண்டில் எது உயர்வோ அதை எடுத்துத்தான் ரேங்க் போடுவார்கள். ஏப்ரலில் குறைந்தாலும் நஷ்டமில்லை, எழுதச் சொல்லுங்கள். உத்தேசம் வேண்டுமென்றால் 100-லிருந்து 94-ஐக் கழித்து, வரும் 6 சதவீதத்தை எழுதியவர் எண்ணிக்கையில் போடுங்கள். 2024-இல் 14.15 லட்சம் பேர். ஆக ஏறக்குறைய 85,000. சில ஆயிரம் முன்பின் போகும். ஜே.இ.இ. ரேங்க்கை வைத்துச் சேர்க்கும் திருச்சி என்.ஐ.டி.யில் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) பாதி இடம் நம் மாநிலத்தவருக்கு என்றாலும், இந்த ரேங்க்குக்கு அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது. பயிற்சி மையத்துக்காரர் வேறு கதை சொன்னால் அடுத்த தவணைக் கட்டணத்துக்கு அடிபோடுகிறார்.

அண்ணா பல்கலைக்கழகத்துக்கு இந்த 94 ஒரு பைசாவுக்கு உதவாது. 2007 முதல் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே இல்லை. பிளஸ் டூ கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் 50-க்கு 50. மொத்தம் 200-க்கு கட்-ஆஃப். ஜே.இ.இ.யிலும் 'கட்-ஆஃப்' என்பார்கள். அது ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வு எழுதத் தகுதி தரும் கோடு. 2024-இல் பொதுப் பிரிவுக்கு 93.2362181, ஓ.பி.சி.க்கு (இதர பிற்படுத்தப்பட்டோர்) 79.6757881.

ஜே.இ.இ.யில் ஓ.பி.சி. சலுகை கேட்பதாக இருந்தால் ஒன்று. தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவு) வரக்கூடாது, சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில், சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1-ஆம் தேதியோ பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடச் சான்றிதழோடு கலந்தாய்வுக்குப் போனால் பொதுப் பிரிவில் தள்ளிவிடுவார்கள்.