கோரல் டிரா வாங்க வசதியில்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளை மட்டும் வைத்துத் தமிழில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்க முடியுமா?

முடியும். ஆறு வருடமாகப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடை போர்டு எல்லாம் வீட்டிலிருந்து அதில்தான் செய்கிறேன். காசில்லாமல் கிடைக்கிறதே என்றுதான் ஆரம்பித்தேன். தமிழுக்காகவே அதிலேயே தங்கிவிட்டேன்.

நம் ஊர் டிடிபி கடைகளில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. திரையில் 'மணமகள்' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் புரியாது. இங்க்ஸ்கேப்பில், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் தமிழை நேராக அடிக்கலாம். 'கொ' அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் தானே போய் உட்காரும்.

சேமிக்கும் எஸ்விஜி கோப்பும் வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தால் 'முகூர்த்தம்' என்ற சொல் தமிழிலேயே கண்ணில் படும். இதன் அருமை எனக்கு ஒரு வளைகாப்பு வேலையில் புரிந்தது. தாம்பூலப் பைக்கு 60 அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு விருந்தினர் பெயர். ஒரே ஒரு அட்டையை வரைந்தேன். பெயர் இருந்த இடத்தை மட்டும் சின்ன பைத்தான் நிரலால் மாற்றி 60 கோப்பாக்கினேன். எழுத்தை நடுச்சீரமைப்பில் வைத்திருந்ததால் நீளப் பெயரும் குட்டிப் பெயரும் ஒரே நடுக்கோட்டில் நின்றன. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது இங்க்ஸ்கேப். 1.0 பதிப்பு வரவே 2020 ஆகிவிட்டது. நீங்கள் 1.2 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள். ஒரே கோப்பில் பல பக்கம் வைக்கும் வசதி அதில்தான் வந்தது, பத்திரிகைக்கு அது வேண்டும்.

சரி, அச்சுக்கு வருவோம். சிரமம் அங்கேதான். அச்சகத்தில் உங்கள் பிடிஎஃபைத் தங்கள் மென்பொருளில் திறந்து திருத்தப் பார்ப்பார்கள், தமிழ் உடைந்துவிடும். என் முதல் பத்திரிகையே அப்படித்தான் போனது, மாப்பிள்ளை வீட்டார் பெயரிலேயே எழுத்து சிதறியது. அதனால் கொடுக்கும் முன் எல்லா எழுத்தையும் தேர்ந்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். எழுத்து வெறும் வடிவமாகிவிடும், பிறகு திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு நகலில் மட்டும் செய்யுங்கள்.

அடுத்தது நிறம். நான் வைத்திருக்கும் 1.4 வரை இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப் ஆர்ஜிபி நிறத்தில்தான், அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலவையில்தான் இருக்கும். ஆஃப்செட் அச்சுக்கு சிஎம்ஒய்கே, அதாவது நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைக் கணக்கு வேண்டும். அப்படியே விட்டால் கறுப்பு எழுத்து நான்கு மையும் கலந்து அடிபட்டு, சின்ன எழுத்தின் ஓரம் மங்கக்கூடும். நான் எஸ்விஜியை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இறக்கி, கறுப்பைக் கறுப்பு மை மட்டும் உள்ள தனிக் கறுப்பாக மாற்றி, அங்கிருந்து பிடிஎஃப் எடுக்கிறேன். அதுவும் இலவசம், அதுவும் திறந்த மூலம்தான்.

அப்புறம், முதல் வேலைக்கு மட்டும் ஒரு பிரதி ப்ரூஃப் (சோதனை அச்சு) வாங்கிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் அடிக்கச் சொல்லுங்கள்.