மூன்றாம் முறை கேஸ் நிரப்பும் முன்

அன்புள்ள ஐயா,

உணவகங்களில் மீனும் இறைச்சியும் கெடாமல் பாதுகாப்பது குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் அசைவ உணவகம் நடத்துகிறேன். மீனும் கறியும் வைக்கும் டீப் ஃப்ரீசருக்கு ஓணத்துக்குப் பின் இருமுறை கேஸ் நிரப்பியாகிவிட்டது. இப்போது மீண்டும் குளிர் குறைகிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலையிலிருந்து வரும் மெக்கானிக் அழைத்த அரை மணியில் வந்துவிடுகிறார், கூலியும் குறைவு. ஆனால் பில் தருவதில்லை. நாகர்கோவிலில் உள்ள ஒரு நிறுவனம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொல்கிறது, தொகை பெரிது. இருவரில் யாரை வைத்துக்கொள்வது?

எஸ்., களியக்காவிளை

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

யாரை வைத்துக்கொள்வது என்பதற்கு முன், அந்த இரண்டு முறையும் என்ன வேலை நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஃப்ரீசரில் உள்ள கேஸ், அடுப்பில் எரியும் கேஸைப் போலச் செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் ஆண்டுக்கணக்கில் அதே கேஸ்தான் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் கேஸை நிரப்புவது, பஞ்சர் ஒட்டாமல் சைக்கிளுக்குக் காற்றடிப்பதைப் போன்றதுதான்.

உண்மையிலேயே கேஸ்தான் குறைந்ததா என்பதும் தெளிவாக வேண்டும். பரோட்டாக் கல்லின் எண்ணெய்ப் புகையும் மாவுத் தூசியும், வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரில் படிந்து காற்று போகாமல் அடைத்துக்கொண்டாலும், கதவின் ரப்பர் கேஸ்கட் தளர்ந்து வெளிக்காற்று புகுந்தாலும், உள்ளே பனிக்கட்டி தடிமனாகக் கட்டிக்கொண்டாலும் குளிர் இதே போலத்தான் குறையும். வந்ததும் இவற்றைப் பார்க்காமல், குழாயைத் தொட்டுப் பார்த்து “கேஸ் போயிருக்கு” என்று சொல்லி சிலிண்டரை எடுத்து வருபவரிடம் சற்றுத் தயங்க வேண்டும்.

கசிவு இருக்குமானால், பழைய கேஸை எடுத்துவிட்டு, நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தைப் பற்றவைத்த பின் ஈரத்தையும் அழுக்கையும் பிடித்து வைக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றி, வேக்வம் பம்ப்பை ஓட்டி உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, ஃப்ரீசரில் ஒட்டியுள்ள பெயர்ப்பலகையில் அச்சிட்ட கிராம் அளவைத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். தராசும் வேக்வம் பம்ப்பும் இல்லாமல் வருபவரால் இந்த வேலையைச் செய்யவே முடியாது. எல்லாவற்றையும் கால் மணியில் முடித்துவிட்டார் என்றால் எதையோ விட்டுவிட்டார்.

அந்தப் பலகையில் எந்த கேஸ் என்பதும் எழுதியிருக்கும். ஆர்-404ஏ என்றால் அது மூன்று பொருள்களின் கலவை; சிலிண்டரிலிருந்து திரவமாக எடுத்துத்தான் நிரப்ப வேண்டும், ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறிவிடும். இப்போது வரும் பல ஃப்ரீசர்களில் உள்ள ஆர்-290 வேறொன்றுமல்ல, புரொப்பேன், தீப்பிடிக்கும் வாயு. அதைக் குழாயிலிருந்து முழுவதும் வெளியேற்றாமல், அதுவும் அடுப்பெரியும் சமையல்கட்டில் வைத்தே, பற்றவைக்கத் தொடங்கும் மெக்கானிக்கை அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். பலகையைப் படிக்காமல் கையிலிருக்கும் கேஸை நிரப்பிவிட்டுப் போவோரும் உண்டு. பலகையில் உள்ளதைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்காதீர்கள்.

இனி ஆள் விஷயம். என் கருத்தில், பாறசாலைக்காரர் மேற்சொன்னபடி வேலை செய்ய ஒப்புக்கொண்டால் அவரையே வைத்துக்கொள்ளலாம். உறைந்த சரக்கு மைனஸ் 18 டிகிரியிலும், குளிர்ந்த சரக்கு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். பாலும் வெட்டிய கறியும் உள்ள கூலர் நின்றுபோனால் அவ்வளவு அவகாசம் கிடையாது. அந்த நேரத்தில், நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் நெரிசலைக் கடந்து வர வேண்டிய ஒருவரை விட அரை மணியில் வருபவர் மதிப்பு மிக்கவர். ஆனால் கேரளப் பக்கம் ஹர்த்தால் என்றாலும் திருவோணம் என்றாலும் அவர் வரமாட்டார். அந்நாட்களில்தான் உங்கள் கடையில் கூட்டம் கூடுதலாக இருக்கும். ஆகவே தமிழ்நாட்டுப் பக்கத்திலும் ஒருவரை, பழுது வரும் முன்பே, ஒரு சாதாரணச் சுத்தம் செய்யும் வேலைக்கு அழைத்துப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரும் கேஸும் அந்தத் தொகைக்குள் அடங்குமா அல்லது கூலி மட்டுமா, அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை உண்டா என்ற மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால், நீங்கள் கொடுப்பது ஆண்டுக்குச் சில முறை தூசி தட்டுவதற்கான கூலி.

பில்லைப் பொறுத்தவரை, உணவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வசூலிக்கும் நீங்கள் உள்ளீட்டு வரியை, அதாவது கடைக்காக வாங்குவதற்கு நீங்கள் கட்டும் வரியை, திரும்பப் பெற முடியாது; பழுது வேலைக்கான 18 சதவீதம் முழுவதும் உங்கள் தலையில் விழும். பில் வேண்டாம் என்று பலர் இருப்பதன் காரணம் புரிகிறது. ஆனால் கம்ப்ரசர் மாற்றினால், அதன் வரிசை எண்ணுடன் பில் இல்லாமல் உத்தரவாதத்தைக் கேட்கவே முடியாது. சிறு வேலைகளுக்குக்கூட தேதி, கசிந்த இடம், கேஸின் பெயர், நிரப்பிய கிராம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, வெப்பநிலை குறிக்கும் நோட்டிலேயே செருகி வையுங்கள். அடுத்து யார் வந்தாலும் அவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தாள்தான்.

இம்முறை அவர் வரும்போது, கசிவைக் காட்டினால்தான் கேஸுக்குப் பணம் என்றும், தேடுவதற்கான கூலியைத் தனியாகத் தருகிறேன் என்றும் சொல்லிவிடுங்கள். டீப் ஃப்ரீசர்களில் குளிர்க்குழாய் பெரும்பாலும் சுவருக்குள் ஃபோமில் புதைந்திருக்கும். கசிவு அங்கேதான் என்று உறுதியானால் அதை நிலையாகச் சரிசெய்வது மிகக் கடினம். அப்போது பழுதுக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் செலவிடாமல் புதியதைப் பாருங்கள். அது ஆர்-290 பெட்டி என்றால், அதைக் கையாளப் பயிற்சி உள்ளவர் இருவரில் யார் என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.