டைனமோமீட்டர் சின்ன இன்ஜினின் குதிரைத்திறனை எப்படி அளக்கிறது?

ஓடும் இன்ஜினுக்கு வேண்டுமென்றே சுமை கொடுத்து, அது எவ்வளவு டார்க்கோடு, அதாவது முறுக்குவிசையோடு சுழல்கிறது என்று பார்க்கும் கருவிதான் டைனமோமீட்டர். சுமையில்லாமல் இன்ஜின் எவ்வளவு உறுமினாலும் அதன் பலம் தெரியாது.

1821-ல் பிரான்ஸ் பொறியாளர் புரோனி செய்த பிரேக் வகை டைனமோமீட்டரைப் பாருங்கள், அழகான யோசனை: சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கி, கூடவே திரும்பப் பார்க்கும் கம்பின் நுனியை எடை கட்டி நிறுத்துவது. கம்பு அரை மீட்டர், நுனியில் 2 கிலோ எடை என்றால் டார்க் கிட்டத்தட்ட 10 நியூட்டன் மீட்டர். அப்போது வேகம் 3600 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 3600 சுற்று என்றால், டார்க்கையும் வேகத்தையும் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் சுமார் 3.8 கிலோவாட், ஏறக்குறைய 5 குதிரைத்திறன். சரி, டார்க்குக்கும் குதிரைத்திறனுக்கும் என்ன வித்தியாசம்? கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது கயிற்றை இழுக்கும் பலம் டார்க் மாதிரி, நிமிடத்துக்கு எத்தனை வாளி மேலே வருகிறது என்பது குதிரைத்திறன் மாதிரி.

அப்புறம், பைக்கின் பின்சக்கரத்தில் அளந்த எண் கம்பெனி சொன்னதைவிடக் குறைந்தால் இன்ஜின் கெட்டுவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். கம்பெனி அளப்பது பொதுவாக இன்ஜின் தண்டில், வழியில் கியரும் செயினும் டயரும் கொஞ்சம் தின்றுவிடும்.