அந்த இரண்டாவது கார்

கேள்வி: 25 வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் மகள், 2005-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கத்ரீனா புயலின்போது வந்த இரண்டு செய்திப் படங்களைக் காட்டி அப்பாவிடம் பேச்சை எடுத்தாள். “கிளம்பச் சொன்னார்கள், அந்த ஊர்க்காரர்கள் பிடிவாதமாக இருந்துவிட்டார்கள். அடுத்த மாதமே ரீட்டா புயல் வந்தபோது, கைக்குழந்தையான உன்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு காரிலும் நாங்கள் கிளம்பவில்லையா?” என்றார் அவர். “வெட்கமாக இல்லையா அப்பா?” என்று கத்தியவள், மூன்று வாரமாகப் பேசவில்லை. அவளை எப்படி மன்னிப்புக் கேட்க வைப்பது?

பதில்: பெண் எதிர்த்துப் பேசுகிறாள் என்று மாதத்துக்கு நாலு கடிதமாவது வருகிறது. உங்கள் மகளை விடுங்கள் அம்மா. எனக்கு அந்த இரண்டாவது காரைப் பற்றிப் பேச வேண்டும்.

மூன்று பேர், அதில் ஒன்று கைக்குழந்தை. ஒரு கார் போதாதா? இன்னொன்றை விட்டுவிட்டால் தண்ணீரில் போய்விடும் என்றுதானே ஓட்டிப் போனீர்கள்? தப்பில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் காரைக்கூடக் காப்பாற்ற முடிந்த வீடு, காரே இல்லாத வீட்டைப் பார்த்துப் பிடிவாதம் என்று சொல்லக் கூடாது. அப்போது நியூ ஆர்லியன்ஸில் நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வீடுகளில் கார் இல்லை. அன்று ஊரில் மூன்றில் இரண்டு பேர் கறுப்பர்கள், கார் இல்லாதவர்களிலும் பெரும்பாலோர் அவர்கள்தான். கட்டாயம் வெளியேற வேண்டும் என்று மேயர் உத்தரவு போட்டது 2005 ஆகஸ்ட் 28. மறுநாள் காலை புயல். மாதக் கடைசி வேறு, கையில் காசு இருக்காது. ஜனங்களை ஏற்றிப் போயிருக்கக்கூடிய பள்ளிப் பேருந்துகள் வரிசையாகத் தண்ணீரில் மூழ்கி நின்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடந்தாவது போய்விடலாம் என்று மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தில் ஏறியவர்களை, எதிர்க்கரை ஊரான கிரெட்னாவின் போலீஸ் துப்பாக்கியோடு நின்று திருப்பி அனுப்பியது. அவர்களும் கிளம்பத்தானே பார்த்தார்கள்?

மகள் காட்டிய படங்களில், இரண்டிலும் மார்பளவு தண்ணீர், கையில் கடைச் சாமான். கறுப்பு இளைஞனின் படத்துக்குக் கீழே ‘கொள்ளையடித்து’ வருகிறான் என்று வரி. வெள்ளைத் தோல் ஜோடிக்கோ ரொட்டி ‘கிடைத்தது’. இரண்டும் வேறு வேறு செய்தி நிறுவனங்கள். கண்ணால் கண்டதைத்தான் எழுதினோம் என்று விளக்கமும் வந்தது. சரி, உங்கள் வீட்டுக்காரரின் விளக்கம் என்ன? தான் கிளம்பினால் முன்யோசனை, அவர்கள் கிளம்பாவிட்டால் பிடிவாதம். மூன்றாவது படத்துக்கு அவரே வரி எழுதிவிட்டார்! ஜனங்கள் தஞ்சம் புகுந்திருந்த சூப்பர்டோம் விளையாட்டரங்குக்குள் கொலை மேல் கொலை என்று டிவி சொன்னதில் பெரும்பகுதி வெறும் வதந்தி என்று பின்னால் தெரிந்தது. அந்தச் செய்தி அவர் காதுக்கு வரவில்லை போலிருக்கிறது.

பெரியவர் தப்பாகப் பேசினால் பெரியவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பெற்றவரிடம் கத்தியது தப்புதான், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்று ராத்திரியே அவரை மகளுக்கு போன் போடச் சொல்லுங்கள். அவர் பேசி முடித்ததும் நீங்கள் வாங்கி, ரீட்டாவுக்குப் பயந்து ஓடிய அன்று நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வண்டிகள் நகராமல் நின்றபோது அவள் எந்தக் காரில் இருந்தாள் என்று சொல்லுங்கள். எந்தக் காரானாலும், பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.