வாக்காளருக்குத் தேர்வு வைத்தால் என்ன ஆகும்?

கேள்வி: "வண்டி ஓட்டவே லைசென்ஸ் டெஸ்ட் உண்டு. நாட்டை யார் ஆளவேண்டும் என்று முடிவு செய்கிறவருக்கு ஒரு பொது அறிவுத் தேர்வு வைத்தால் என்ன தப்பு?"

வைக்கக் கூடாது என்பதே என் பதில். எல்லா வாக்காளரும் விவரமானவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. பலருக்குத் தங்கள் தொகுதியில் நிற்பவர் பெயர்கூடத் தெரியாது, அதில் வாதமே இல்லை. சிக்கல், கேள்வித்தாள் யார் கையில் இருக்கிறது என்பதில்தான். நீங்கள் பாஸானாலும் ஃபெயிலானாலும் லைசென்ஸ் கொடுக்கும் ஆய்வாளருக்கு ஒன்றுதான். வாக்காளர் தேர்வில் அப்படி இல்லை. யார் ஃபெயிலாகிறார்களோ அதை வைத்தே சிலருடைய நாற்காலி நிலைக்கும்.

இதை நடத்திப் பார்த்த அனுபவம் அமெரிக்கத் தென் மாநிலங்களுக்கு நிறைய உண்டு. மிசிசிப்பி 1890இல் ஒரு விதி கொண்டுவந்தது: மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவை வாசிக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்கக் கேட்டு நியாயமான பொருளாவது சொல்ல வேண்டும். பிறகு 1950களில் வாசிப்பு, எழுத்து, விளக்கம் மூன்றுமே கட்டாயமாயின. அந்தச் சட்டத்தில் 285 பிரிவுகள். எந்தப் பிரிவைக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் பதிவு அதிகாரி. எழுதிய விளக்கம் சரியா என்று சொல்பவரும் அவரேதான். விடைக்குறிப்பு கிடையாது. கடனுக்காக யாரையும் சிறையில் போடக் கூடாது என்ற ஒற்றை வரிப் பிரிவும் அந்த 285இல் இருந்தது, நீண்டு சிக்கலான வரிப் பிரிவும் இருந்தது. ஆளைப் பார்த்துப் பிரிவைக் கொடுத்தார்கள். 1965க்கு முன் அங்கே வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் பட்டியலில் இருந்தவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. தேர்வை நிறுத்திய பிறகு, 1967இல், ஏறத்தாழ 60.

லூசியானா மாநில வழக்கு இன்னும் அப்பட்டம். 1965இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே இரண்டு விடைத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. வீட்டைச் சோதனை போடுவது பற்றிய பிரிவுக்கு, 'அதிகாரம் பெற்றவர் வாரண்டை வாசித்துக் காட்ட வேண்டும்' என்ற பொருளில் எழுதிய கறுப்பினத்தவருக்கு மறுப்பு. 'பேச்சுச் சுதந்திரம்' என்பதை ஆங்கிலத்தில் 'ஃப்ர்டம் ஃபூஃப் ஸ்பெட்ஜ்' என்கிற மாதிரி மூன்று சொல்லிலும் பிழையோடு கிறுக்கிய வெள்ளையருக்கு அனுமதி. இதே நீதிமன்றம் 1959இல், பாகுபாடில்லாமல் நடத்தினால் எழுத்தறிவுத் தேர்வு செல்லும் என்று சொல்லியிருந்தது. 1965 வாக்குரிமைச் சட்டம் அதைக் குறிப்பிட்ட பகுதிகளில் நிறுத்தியது, 1970இல் நாடு முழுக்கத் தற்காலிகத் தடை, 1975இல் நிரந்தரத் தடை.

சரி, யோக்கியமானவர்களே நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 கேள்வி, 12 சரியாக இருந்தால் பாஸ். பாடத்தில் 70 சதவீதம் தெரிந்த ஒருவர் இதை எழுதினால், தேர்ந்தெடுத்து வந்த கேள்விகளின் அதிர்ஷ்டத்தால் மட்டுமே ஃபெயிலாகும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். இந்தத் தரத்தில் ஒரு கோடிப் பேர் இருந்தால், தகுதியிருந்தும் வெளியே நிற்பவர்கள் 11 லட்சம். பல தேர்தல்களின் வெற்றி வித்தியாசமே அவ்வளவு இருக்காது.

மறுவாய்ப்பு கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அங்கேதான் வடிகட்டி ஓட்டையாகிறது. பாதிதான் தெரிந்தவர் ஒரு தடவையில் தேறும் வாய்ப்பு 25 சதவீதம். மூன்று தடவை எழுத விட்டால் 58. ஆக, அறிவை அளக்கப் போய், மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வர யாரால் முடியும் என்பதைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

குடியுரிமைக்குத் தேர்வு இருக்கிறதே என்று அடுத்த கேள்வி வரும். அமெரிக்காவின் 2008 வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 100 கேள்விகளும் விடைகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை, வாய்மொழியாக 10 வரை கேட்டார்கள், 6 சொன்னால் போதும் என்றிருந்தது, தவறினால் இன்னொரு வாய்ப்பு. அது மனப்பாடத் தேர்வு. நிதிப் பற்றாக்குறை, வட்டி விகிதம் பற்றியெல்லாம் அது ஒன்றும் சொல்லாது. கேள்விகளை ஒளித்து வைத்தால் மிசிசிப்பி, வெளியிட்டால் கோனார் நோட்ஸ். நடுவில் ஒரு நல்ல வடிவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. பொதுவாக ஓட்டு வீணாவது அறியாமையால் மட்டுமல்ல, வாக்குச்சீட்டின் வடிவமைப்பாலும்தான். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில், ஃப்ளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) வேட்பாளர் பெயர்களை இரண்டு பக்கமும் அச்சிட்டு, துளை போடும் இடத்தை நடுவில் வைத்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர்; அவருக்கான துளையோ மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த இன்னொரு வேட்பாளர் பியூக்கனனுக்கு. ஒன்றுக்கு மேல் துளையிட்டதால் தள்ளுபடியான சீட்டுகள் 19,000க்கும் மேல். மாநிலத்தில் வெற்றி வித்தியாசம் 537 ஓட்டு. அந்த வாக்காளர்கள் அரசியல் சட்டத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் துளை மாறித்தான் விழுந்திருக்கும். எல்லாப் பெயரையும் ஒரே வரிசையில் போட்டு, அச்சடிக்கும் முன் சில டஜன் பேரிடம் கொடுத்து "இன்னாருக்குப் போடுங்கள்" என்று சோதித்திருந்தால் குளறுபடி அங்கேயே தெரிந்திருக்கும்.